உல்கான் வெட்டிய வால்கள்

மலையூரான சாரி-புலாக்கில் எந்த வீட்டுக்குப் போனாலும் மெத்தைகளை அடுக்கி வைத்த மரப்பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் மகளுக்கான சீர்த்துணி, மாமியார் கொடுத்த வெள்ளி வளையல், சாவுக்கென்று தனியாக எடுத்து வைத்த வெள்ளைத் துணி. உல்கான் வீட்டுப் பெட்டியில் இருந்தவை பதினோரு ஹார்ட் டிஸ்க்குகள். ஒவ்வொன்றும் ஒரு பழைய கம்பளிக் காலுறைக்குள். பெட்டிக்குப் பூட்டு இரண்டு. ஒரு சாவி அவள் கழுத்தில் தொங்கும். இன்னொன்று எங்கே என்று அவளோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய எசென்குலுக்கே தெரியாது.

"நான் என்னத்தைடி திருடிட்டுப் போகப் போறேன்? ஊரான் வீட்டுச் சாவு விருந்தையா?" என்று அவர் கேட்பார்.

"நீங்க திருட மாட்டீங்க. யாராவது வந்து சிரிச்சுக் கேட்டா எடுத்துக் கொடுத்துடுவீங்க. அது திருட்டைவிட மோசம்."

அந்தக் காலுறைகளுக்குள் ஊரே இருந்தது. யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டு மருமகள் வரவு, எவன் குடித்துவிட்டு எவன் சட்டையைப் பிடித்தான், மாஸ்கோவில் தெருக்கூட்டப் போன பிள்ளைகள் அறைக்குள் உட்கார்ந்து பாடிய பாட்டு, எல்லாம். இணையத்தில் யார் எதைப் போட்டாலும் உல்கான் இறக்கி வைத்துக்கொள்வாள். நேரலை என்றால் போன் திரையை அப்படியே பதிந்துகொள்வாள். போட்டவர்கள் மறுநாள் போதை தெளிந்து, வெட்கப்பட்டு எடுத்துவிடுவார்கள். எடுத்து என்ன பிரயோஜனம்? மெத்தைக்குக் கீழே போய்விட்டதே!

ஒவ்வொன்றுக்கும் அவள் வைக்கும் பெயர் இருக்கிறதே, அதைப் படித்தாலே சண்டை வரும். "மே பன்னிரண்டு. மேலத்தெரு மருமகள் வரவு. மாமியார் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை." "வாத்தியார் வீட்டு விருந்து. ஆட்டுத்தலை மூத்தவர் முன்னால் வைக்கப்படவில்லை, ஏன்?" கடைசியில் எப்போதும் ஒரு ஏன் இருக்கும்.

பிறவியிலேயே சந்தேகப் பேர்வழிதான். பத்தொன்பது வயதில் தபாலாபீஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்கு உட்கார்ந்தபோது அந்தச் சந்தேகத்துக்குச் சம்பளமும் கிடைத்தது. பதினான்கு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரின் குரல்களை இணைத்தாள். "ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று பெண்டாட்டியிடம் சொன்னவன் எந்த வீட்டிலிருந்து பேசினான் என்று அவளுக்குத் தெரியும். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஊர்க்கூட்டத்தில் மார்தட்டியவன் சொன்னதை அவள் காது கேட்டிருந்தது. ஆனால் காதில் கேட்டதை யாருக்கு எடுத்துக் காட்டுவது? அந்த ஆற்றாமை அவளுக்குள் வெந்துகொண்டே இருந்தது.

பிறகு அந்தக் கிடாய் விவகாரம். எட்டு வருஷத்துக்கு முன்னால், இடது காது கிழிந்த அவர்கள் கிடாய் மேய்ச்சலிலிருந்து திரும்பவில்லை. ஓநாய் அடித்திருக்கும் என்று எசென்குல் கையைக் கழுவிவிட்டார். நாலாம் நாள் கீழத்தெருவில் விருந்து. அந்த வீட்டுப் பெண் ஒருத்தி கொப்பரைப் பக்கம் நின்று வீடியோ எடுத்துப் போட்டாள். உல்கான் தேநீர் குடித்தபடி பார்த்தாள். எண்ணெயில் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரிகின்றன, பெண்கள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள், பின்னால் வண்டிச் சக்கரத்தில் கட்டியிருந்த கிடாய் ஒன்று திரும்பிப் பார்க்கிறது. இடது காது கிழிந்திருக்கிறது.

"ஏங்க, ஓடி வாங்க! நம்ம கிடாய்!"

எசென்குல் கண்ணாடியைத் தேடி, துடைத்து, காதில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பதற்குள் வீடியோ போய்விட்டது. போன வீடியோ திரும்பி வரவில்லை, கிடாயும் வரவில்லை. கீழத்தெருவுக்குப் போய்க் கேட்டால், "என்ன வீடியோ? என்ன கிடாய்? அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்கள்.

"ஓநாயாம் ஓநாய்! ஓநாய்க்கு வீடியோ போடவும் தெரியுது, எடுக்கவும் தெரியுது பாருங்க!" என்று வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தாள். மறுவாரம் பசுங்கன்றை விற்று முதல் டிஸ்க்கை வாங்கினாள்.

பக்கத்து வீட்டுப் புருல் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவாள். "ஊர்ல புது மருமகள் முகத்தைப் பார்க்கறவங்க ஏதாவது கையில வச்சுட்டுத்தான் பார்க்கணும். நீ எத்தனை மருமகளை ஓசியில பார்த்திருக்கே, கணக்கு இருக்கா?"

"போன்ல பார்த்தா பார்த்ததாகாது."

"அப்ப கிடாயையும் நீ பார்த்ததாகாது!"

உல்கானுக்கு ஒரு சட்டம் உண்டு. முழு வீடியோவையும் வைத்துக்கொண்டால் டிஸ்க் தாங்காது. அதனால் உட்கார்ந்து பார்த்து வெட்டுவாள். தலைப்பக்கம்தான் சரக்கு. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், யாருக்கு எந்த எலும்பு போனது என்பதெல்லாம் முதல் பாதியில் வந்துவிடும். பிறகு குடி ஆரம்பிக்கும். குடித்தவன் பாடுவான், கட்டிப்பிடிப்பான், அழுவான். "உள்ளே இறங்கின பிறகு சொன்னது சாட்சியாகாது" என்று அந்த வாலை வெட்டிவிடுவாள். ஆனால் வெட்டியதை எறிய மனசு வராது. நாளைக்கே எவனாவது வந்து, "நீ வெட்டினியே, அதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டால்? ஆக, வால்களுக்கென்றே ஒரு நீல டிஸ்க். அதைத் திறந்து பார்த்ததே இல்லை. இருக்கிறது என்ற நிம்மதிக்கு மட்டும்.

இப்படிப்பட்டவள் வீட்டில்தான் மெதெத் வந்து, "அம்மா, எனக்கு ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு" என்றான்.

ஒரே மகன். மின்கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவன். பெண் ஐபீகே, கணவாய்க்கு அந்தப் பக்கம் ஜும்கால்காரி, நர்ஸ். அவன் கம்பத்திலிருந்து சறுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டபோது பழக்கமாம்.

"கட்டுப் போட்ட பொண்ணு கையைத்தானே பார்க்கணும், முகத்தை எதுக்குப் பார்த்தா?" என்று உல்கான் கேட்டாள்.

"நான்தாம்மா பார்த்தேன்."

"ஊர், பேர், அப்பன் பேர் சொல்லு."

மூன்று நாள் அடுப்பு சரியாக எரியவில்லை. உல்கான் பெட்டியைத் திறந்து கணவாய்க்கு அப்பால் உள்ள விருந்துகளையெல்லாம் அலசினாள். பெண் பதினான்கு வீடியோக்களில் பின்னால் நடமாடினாள். ஒன்றிலும் குற்றமில்லை. பெரியவர்கள் முன்னால் குறுக்கே போகவில்லை. தேநீரை அரைக் கிண்ணம்தான் ஊற்றுகிறாள். கிண்ணம் வழிய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம், அந்த மரியாதை தெரிந்த பெண். அப்பன் ரிஸ்பெக் யாரிடமும் கைகலந்ததில்லை.

"ஒரு குறைகூட இல்லையே," என்றாள் உல்கான், கவலையாக.

"நல்லதுதானே?" என்றார் எசென்குல்.

"குறையே இல்லாத வீடு எங்கேங்க இருக்கு? ஒளிச்சு வச்சிருக்காங்க."

ஆனாலும் சம்மதித்தாள். மகன் முகத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தாள். காதில் தோடு போட்டு நிச்சயம் செய்ய நாள் குறித்தார்கள். தன் காதிலிருந்த வெள்ளித் தோட்டைக் கழற்றி, உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தாள்.

நிச்சயத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஓய்வறியாத மனசுக்கு ஒரு வேலை வேண்டுமே, பகலெல்லாம் உட்கார்ந்து மிச்சம் மீதியைத் துழாவினாள். ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஐபீகேயின் தாத்தா ஜுமாதிலின் எண்பதாம் வயது விருந்து. இரண்டு வருஷத்துக்கு முந்தைய நேரலை. கிழவர் அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் இறந்துபோனார். உல்கான் கைப்பட வைத்திருந்த பெயர்: "ஜும்கால் கிழவர் எண்பது. மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். ஏன்?"

கிழவர் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு கையில் கிண்ணம் ஏந்தி எழுந்து நிற்கிறார். பேரப்பிள்ளைகளுக்காகத் தன் ஏழு தகப்பன்மார் பெயரைச் சொல்கிறார். "நான் ஜுமாதில். என் அப்பா சரிபாய். அவர் அப்பா பொகொன்பாய். அவர் அப்பா சினிபாய். அவர் அப்பா எஷிம். அவர் அப்பா, இரட்டைக் குதிரைக்கார துலோபெர்தி..."

உல்கான் நிறுத்தினாள். இரட்டைக் குதிரைக்கார துலோபெர்தியா! அது எசென்குல் வம்சத்துப் பெயரல்லவா? விரலை மடக்கி எண்ணினாள். மெதெத்துக்கு அப்பா எசென்குலிலிருந்து எண்ணினால் துலோபெர்தி எட்டாவது. தொல்லையில்லை. ஐபீகேக்கு எண்ணினாள். ரிஸ்பெக், ஜுமாதில், சரிபாய், பொகொன்பாய், சினிபாய், எஷிம், துலோபெர்தி. ஏழு. மறுபடி எண்ணினாள். ஏழுதான்.

யாராவது ஒருவர் பக்கம் ஏழு தகப்பனுக்குள் ஒரே ரத்தம் வந்தாலும், ஊர் வழக்கப்படி பெண்ணும் பையனும் அண்ணன் தங்கை. எட்டாக இருந்திருந்தால் யாரும் வாய் திறக்கப் போவதில்லை. ஒரே ஒரு அப்பா குறைகிறார்.

"பார்த்தீங்களா! மறுநாள் காலையிலேயே எடுத்துட்டாங்க! மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்? தெரிஞ்சே மறைச்சிருக்காங்க!" பயத்தைவிட, தன் சந்தேகம் வீண்போகவில்லை என்ற சந்தோஷம்தான் அந்தக் குரலில் முதலில் இருந்தது. அதற்காகப் பின்னாளில் அவள் தன்னைத்தானே வைது தீர்த்தாள்.

பெண் வீட்டுக்குப் போன் போட்டு, ஏழு கணக்கைச் சொல்லி, நிச்சயத்தை நிறுத்தினாள். அரைமணி நேரத்தில் ரிஸ்பெக்கே கூப்பிட்டார். மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"சம்பந்தியம்மா, நடுவுல ஒருத்தர் விட்டுப்போச்சு. எங்க அப்பாவைப் பெத்தவர் ஒரோஸாலி. சரிபாய் எங்க அப்பாவுக்குத் தாத்தா. மூத்த பேரன்னு சரிபாய் தன் பிள்ளையா எடுத்து வளர்த்தார். நம்ம பக்கத்துல நடக்கறதுதானே? வளர்த்தவரை அப்பான்னு கூப்பிட்டு, பெத்தவரை அண்ணான்னு கூப்பிட்டு வளர்ந்தவர் அவர். வம்சம் சொல்லும்போதும் அந்த வழக்கம் வந்துடும். உண்மையில எட்டு."

"ஓ! கல்யாணம் நடக்கணும்னதும் நடுவுல ஒரு அப்பா முளைச்சிட்டாரா?"

"எங்க அப்பா அந்த விருந்துல தன் வாயாலேயே சொன்னாரும்மா. வீடியோ உங்ககிட்ட இருக்குன்னு சொல்றீங்களே, கடைசிவரைக்கும் பாருங்க."

"பார்த்தாச்சு. கடைசியில ஒண்ணுமில்லை. ஆமா, ஒண்ணும் இல்லேன்னா எதுக்கு அழிச்சீங்க?"

"அப்பாதான் அழிக்கச் சொன்னார். எண்பது வயசுல சபையில அழுதது அவருக்குக் கூச்சமாப் போச்சு. எங்ககிட்டயும் இப்ப இல்லை." பிறகு அவர் குரலும் இறுகியது. "என் பொண்ணோட ரத்தத்துக்கு நான் சாட்சி தேடி அலைய மாட்டேன், அம்மா. நம்பினா வாங்க. இல்லேன்னா விடுங்க."

"விருந்துக்கு வந்தவங்க யாரையாவது கேட்கலாமே," என்றார் எசென்குல்.

"யாரை? அத்தனை பேரும் அவங்க கொப்பரையில சாப்பிட்டவங்க!"

மெதெத் கத்தவில்லை. கத்தியிருந்தால் உல்கானுக்குப் பதில் சொல்லத் தெரியும். அவன் பையை எடுத்துத் துணியை அடுக்கினான். வெகு தூரத்து யாகுத்ஸ்கில் கம்பம் நடும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், சனிக்கிழமை வேன் கிளம்புகிறதாம்.

"எப்ப வருவே?"

"வந்து என்னம்மா பண்ண? என் வீடியோ நிறைய வச்சிருக்கியே, அதைப் பார்த்துக்கோ. பிடிக்காததை வெட்டிக்கோ."

பக்கத்து வீடுகளில் அப்படிப் போன பிள்ளைகளை உல்கான் பார்த்திருக்கிறாள். ஐந்து வருஷம், ஆறு வருஷம், கடைசியில் போனில் ஒரு முகம் மட்டும் மிஞ்சும். இருந்தும் அவளுக்குள் ஒரு வீம்பு. ரத்தம் ரத்தம்தானே? ஏழு ஏழுதானே? நாளைக்குப் பிறக்கும் குழந்தைக்கு ஒன்று ஆனால், "தெரிஞ்சுமா விட்டே?" என்று ஊர் கேட்காதா?

வியாழக்கிழமை காலையில் எசென்குல் வழக்கமில்லாத வழக்கமாகக் கண்ணாடியை முன்கூட்டியே மாட்டிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதைப் போடு. நானும் பார்க்கிறேன்."

போட்டாள். கிழவர் எழுந்தார், பெயர்களைச் சொன்னார், துலோபெர்தி வந்தார், அதற்கு மேலே இன்னும் இரண்டு பெயர் வந்தன. ஏழு முடிந்தது. கிழவர் கிண்ணத்தைப் பார்த்தார். வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தார். திரை கறுப்பானது.

"மறுபடி அந்தக் கடைசியைப் போடு," என்றார் எசென்குல். பார்த்தார். "மூச்சை இழுக்கிறார் பாரு."

"அதனாலே?"

"குதிரைக்குக்கூட அது தெரியும், உல்கான். மூச்சை இழுத்தவன் ஏதோ சொல்லப் போறான். யாரும் மூச்சை இழுத்துட்டுச் சும்மா இருக்க மாட்டாங்க. மிச்சம் எங்கே?"

"அவங்க வெட்டியிருப்பாங்க."

"நேரலைன்னு நீதானே சொன்னே? ஓடிட்டிருக்கிறதை எப்படி வெட்டறது?"

உல்கான் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். முதல் சந்தேகம் எசென்குல் மேல். இந்த மனுஷன் பெட்டியைத் திறந்திருப்பாரோ? ஆனால் இரண்டாவது சாவி மாவுப் பானைக்குள் அப்படியே இருந்தது. அடுத்தது மெதெத். அவன் வெட்டுவதென்றால் ஏழு என்பதையல்லவா வெட்டியிருப்பான்? ரிஸ்பெக், அவர் வீட்டார், போன் கம்பெனிக்காரன் என்று ஊரையெல்லாம் சுற்றிவிட்டு அந்தச் சந்தேகம், போக இடமில்லாமல், அவளிடமே திரும்பி வந்து நின்றது.

பெட்டியின் அடியில் கையை விட்டு நீல டிஸ்க்கை எடுத்தாள். காலுறையில் முடிச்சு இறுகிப்போய்ப் பல்லால் அவிழ்க்க வேண்டியிருந்தது. உள்ளே ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வால்கள். தேதியை வைத்துத் தேடினாள். கிடைத்தது. அவள் கைப்படவே பெயர் இருந்தது: "ஜும்கால் கிழவர் அழுகை. தேவையில்லை." இதில் மட்டும் 'ஏன்' இல்லை.

இழுத்த மூச்சை விட்டபடியே ஜுமாதில் பேசத் தொடங்கினார்.

"ஏழு ஆச்சா, பசங்களா? எண்ணினீங்களா? ஆகலை. ஒருத்தரை விட்டுட்டேன். எண்பது வருஷமா விட்டுட்டே வரேன். சரிபாய் எனக்கு அப்பா இல்லை, தாத்தா. மூத்த பேரன்னு என்னை மடியில போட்டுக்கிட்டார். என்னைப் பெத்தவர் ஒரோஸாலி. ஒரே வீட்டுல இருந்தோம். அவரை நான் அண்ணான்னுதான் கூப்பிட்டேன். 'அண்ணா, குதிரையைக் கட்டட்டுமா?' 'அண்ணா, தண்ணி வேணுமா?' அவர் போற அன்னிக்குப் பக்கத்துலதான் இருந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்தார். எதுக்குப் பார்க்கிறார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் 'என்ன அண்ணா?'ன்னுதான் கேட்டேன்."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். தலை வெறுமையாக இருந்தது.

"இப்பச் சொல்றேன். எல்லாரும் கேட்டுக்கோங்க, நான் போன பிறகு நீங்களாவது சரியாச் சொல்லுங்க. நான் ஜுமாதில். என் அப்பா ஒரோஸாலி. அப்பா... அப்பா..."

பிறகு அழுகை. யாரோ ஓடி வந்து கிண்ணத்தை வாங்கினார்கள். உள்ளே இருந்தது கொஞ்சம் சிந்தியது. உல்கான் நிறுத்திப் பார்த்தாள். பால் தேநீர். மனிதர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். உல்கானும் ஆயுள் முழுக்க விசாரித்தாள். 'தீர' என்பதை மட்டும் இடம் போதவில்லை என்று வெட்டி எறிந்திருந்தாள்.

"எட்டு," என்றார் எசென்குல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

"தெரியுது!" என்று சீறினாள். அப்புறம் தலைத்துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பாவி நான்! பெத்த அப்பனை அப்பான்னு கூப்பிட ஒரு மனுஷனுக்கு எண்பது வருஷம் ஆயிருக்கு. நான் அதைத் தேவையில்லைன்னு எழுதி வச்சிருக்கேன்!"

வெள்ளிக்கிழமை, பையைக் கட்டி வைத்திருந்த மெதெத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கணவாய் தாண்டினார்கள். உல்கான் மடியில் நீல டிஸ்க், கணினி, தோட்டுப் பொட்டலம். வழியில் நாலு தடவை பொட்டலத்தைத் திறந்து தோடு இருக்கிறதா என்று பார்த்தாள். "யாரும் எடுத்திருக்க மாட்டாங்க அம்மா, வண்டியில நாமதான் இருக்கோம்," என்றான் மெதெத். பை கட்டிய நாளுக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

ரிஸ்பெக் வாசலுக்கு வந்தார். வந்தவர்களை உள்ளே அழைக்காமல் விடுகிற ஊரில்லையே, அழைத்தார். ரொட்டியைப் பிய்த்து வைத்தார்கள். ஐபீகே வந்து மண்டியிட்டு உட்கார்ந்து தேநீர் ஊற்றினாள். எசென்குலுக்கு அரைக் கிண்ணம். மெதெத்துக்கு அரைக் கிண்ணம். உல்கானுக்கு விளிம்பு வரை. வழிந்து விரலைச் சுடும் அளவுக்கு.

வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ரிஸ்பெக்கும்கூட மகளைக் கண்டிக்கவில்லை.

உல்கான் கிண்ணத்தைத் தொடவில்லை. "சரிதான், பொண்ணே," என்றாள். "குடிச்சுட்டுக் கிளம்பறேன். அதுக்கு முன்னாடி உங்க தாத்தா பேச வேண்டியது கொஞ்சம் பாக்கி இருக்கு. வெட்டினது நான்தான். வேற யாரும் இல்லை."

கணினியைத் திறந்து வைத்தாள். ஜுமாதில் மூச்சை விட்டார்.

இறந்தவரின் குரல் வீட்டுக்குள் எழுந்ததும் ரிஸ்பெக் எழுந்து நின்றுவிட்டார். எண்பது வயது அப்பா பேசும்போது உட்கார்ந்து கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. முடியும்வரை நின்றார். "அப்பா... அப்பா..." என்று கிழவர் சொன்ன இடத்தில் அவர் வாயும் அசைந்தது. யாரைக் கூப்பிட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

முடிந்தது. ஐபீகே கண்ணைத் துடைக்கவில்லை. நேரே உல்கானைப் பார்த்தாள்.

"இது முழுசா அம்மா? இல்லே, இதுலயும் எங்கேயாவது வெட்டியிருக்கீங்களா?"

எசென்குல் கம்பளத்தைப் பார்த்தார். இதே கேள்வியை ஊரில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள் உல்கான்! அவளிடம் யாரும் கேட்டதில்லை.

கழுத்திலிருந்த சாவியைக் கழற்றினாள். தோட்டுப் பொட்டலத்தின் மேல் வைத்தாள்.

"முழுசுன்னு நான் சொன்னா நம்பாதே. நம்பவே நம்பாதே. பெட்டி அங்கே இருக்கு. இன்னொரு சாவி மாவுப் பானையில. நீயே திறந்து கடைசிவரைக்கும் பாரு."

ஐபீகே கையை நீட்டினாள். சாவியை எடுக்கவில்லை, தோட்டையும் எடுக்கவில்லை. உல்கான் முன்னால் ஆறிப்போயிருந்த கிண்ணத்தை எடுத்து வாசலில் கொட்டிவிட்டு வந்தாள். கெட்டிலைச் சாய்த்துப் புதிதாக ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

உல்கான் வாங்கினாள். குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்தாள். வெளிச்சத்தின் பக்கம் திருப்பி மறுபடியும் பார்த்தாள். அரைதான் இருந்தது.